தோராவின் மூடிய கண்கள்

எங்கள் ஊர் அச்சுப்படத்தில் என் கடை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யசுகே வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது. வயிற்றெரிச்சல் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நான் சொல்லப்போவது எதிர்க்கடை தோராவின் கதை. என் கடை இருக்க வேண்டிய இடத்தில் படத்தில் ஒரு குதிரையின் பின்பக்கம் இருக்கிறது. எடோ நகரத்தில் உட்கார்ந்து மரக்கட்டையில் அதைச் செதுக்கிய மகானுபாவன் வாலின் முடியை ஒவ்வொன்றாக இழைத்திருக்கிறான். அந்த வாலுக்குக் கீழே என் வைக்கோல் செருப்பு ஒன்றாவது தொங்குவது தெரிந்திருக்கலாம். தெரியவில்லை.

கிசோ மலைச்சாலையில் ஏற்றம் முடிகிற இடத்தில் இருக்கிறது ஹினாசகா. இது தங்குமிடம் கிடையாது. பெரிய சத்திரம், பிரபுக்கள் இறங்குகிற மாளிகை எல்லாம் அடுத்த ஊரான கமிசாவாவில். இங்கே ஏறி வருகிறவனுக்கு இரண்டு விஷயம் தீர்ந்துபோயிருக்கும். ஒன்று காலில் செருப்பு, இன்னொன்று வயிற்றில் சோறு. முதலாவதை நான் பார்த்துக்கொள்வேன். இரண்டாவதைத் தோரா பார்த்துக்கொள்வாள். அரிசிமா உருண்டைகளைக் குச்சியில் கோத்து, சோயாவைப் புளிக்கவைத்த மிசோ விழுதைப் பூசி, விறகடுப்பில் வாட்டித் தருவாள். கூடவே திட்டும் தருவாள், அதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டாள்.

புலி வருஷத்தில் பிறந்ததால் புலி என்றே, தோரா என்று, பெயர் வைத்தார்கள். வேறு எந்த வருஷத்தில் பிறந்திருந்தாலும் அந்தப் பெயர்தான் வைத்திருக்க வேண்டும். சுமைதூக்கியாக இருந்த புருஷன் காய்ச்சலில் போனபோது மகள் கினு தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். அன்றிலிருந்து தோரா தூங்கி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கோழி கூவுவதற்கு முன்னால் மாவு இடிக்கிற சத்தம் கேட்கும். சேவல் அதைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறது என்பது என் கட்சி. சாப்பிடுவது நின்றுகொண்டு, சண்டை போடுவது நடந்துகொண்டு. உட்கார்ந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்பதுபோல ஒரு பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. தனியாக ஒரு பெண் குழந்தையை வளர்க்கிறவளுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். எனக்கு அவள்மேல் கோபம் வராத நாள் கிடையாது, மதிப்பு குறைந்த நாளும் கிடையாது.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் அந்தப் படக்காரன் வந்தான். ஒல்லியான ஆள், மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. சாலையோரம் குதிரைகளைக் காக்கிற, குதிரைத் தலை வைத்த கன்னோன் சாமியின் கல் இருக்கிறதே, அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூரிகையால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இடதுபக்கம் தோராவின் கடை, வலதுபக்கம் என் கடை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் குமசோ. எங்கள் ஊர்க் குதிரைக்காரன். அவன் குதிரைக்கு வைக்கோல் செருப்பு தேய்ந்துபோயிருந்தது. என் கடைக்கு நேரே அதை நிறுத்தினான். நான் குனிந்து பின்னங்காலுக்குப் புதுசு கட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் குளம்புக்குப் பக்கத்தில் நன்றாக உற்றுப் பார்த்தால் இரண்டு விரல் தெரியும். அது நான்தான். வைக்கோல் பிரி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நான் குனிந்திருந்த நேரத்தில் குமசோ எதிர்ப்பக்கம் போய் ஒரு குச்சியை எடுத்துவிட்டான். தோரா பிடித்துக்கொண்டாள்.

“டேய் குமசோ, கைய எடு. போன மழைக்குத் தின்னதுக்கே நீ இன்னும் குடுக்கல.”

“பாக்கத்தான் எடுத்தேன் அக்கா.”

“பாக்கறதுக்குக் கண்ணு போதாதா? பல்லு எதுக்கு வெளிய வருது?”

அப்போது காற்று திரும்பியது. ஈர விறகின் புகை மொத்தமும் அவள் முகத்தில். கண் எரிச்சல் தாங்காமல் தோரா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்தான் மூடியதே தவிர வாய் மூடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து, குமசோவின் தாத்தாவிலிருந்து திட்டத் தொடங்கினாள். குமசோ பயந்துபோய்க் குச்சியைத் தட்டில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான். படக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான், தும்மினான், வரைந்தான்.

படத்தில் பேச்சு கேட்குமா? அங்கேதான் வந்தது வினை.

வசந்தத்தில் மருந்துக்கார ரொகுசுகே வந்தான். தொயாமாவிலிருந்து வசந்தத்தில் ஒரு தடவை, அறுவடைக்குப் பிறகு ஒரு தடவை முதுகில் பெட்டியோடு வருகிறவன். வீட்டு வீடாக மருந்துப் பையை நிரப்பிவிட்டு, இனாமாக ஒரு அச்சுப்படம் கொடுத்துவிட்டுப் போவான். இந்த வருஷம் பெட்டியை இறக்கும்போதே அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“தோரா அக்கா, உங்க ஊரு எடோல அச்சாயிடுச்சு. கடை கடையாத் தொங்குது. பாருங்க.”

எல்லோரும் கூடிவிட்டோம். மலை நீலமாக இருந்தது, மேலே போகப் போக நீலம் கரைந்து வெளுத்தது. நன்றாகத்தான் இருந்தது. நான் என் கடையைத் தேடினேன். பிறகு தேடுவதை விட்டேன்.

தோரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

“இது யாரு, இந்தப் பொம்பள?”

“நீங்கதான் அக்கா. பின்னாடி பாருங்க, உங்க கடை வாசல்ல தொங்குற துணி.”

“நான் என்ன பண்றேன்?”

கண்ணை மூடி, தலை சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு பெஞ்சில் கிடக்கிற பெண். பக்கத்தில் ஒருவன் நைசாகக் குச்சி உருண்டையைக் கிளப்புகிறான். இதைப் பார்த்து அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கடைசியில் குமசோதான் வாயைக் கொடுத்தான். “தூங்குற மாதிரிதான் தெரியுது அக்கா. ஆனா அழகாத் தூங்குறீங்க.”

குமசோவை அவள் எந்தக் கரண்டியால் அடித்தாள் என்பது கதைக்கு வேண்டாம்.

“நான் உன்னத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா. நீ திரும்ப வச்சுக்கிட்டு இருந்த. இதுல நான் தூங்கறேன், நீ திருடற. நம்ம ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல நாசம் பண்ணிட்டுப் போயிட்டான் அந்த மூக்குச்சளி.”

“யாரு பாக்கப் போறா தோரா, விடு,” என்றேன் நான்.

அப்போதுதான் ரொகுசுகேயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். அவனுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. வீட்டு வீடாகப் போகிறவனுக்கு எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பையன் இருக்கிறான் என்பது தெரியாமல் இருக்குமா? கமிசாவாவில் மிசோ ஊறப்போட்டு விற்கிற பெரிய வீட்டுப் பிள்ளை செய்கிச்சிக்கும் நம் கினுவுக்கும் அவன்தான் பேச்சு நடத்திக்கொண்டிருந்தான். அதுவும் சும்மா தொடங்கிய பேச்சு இல்லை. ஒரு வருஷமாக செய்கிச்சி என் கடைக்கு வந்து செருப்பு வாங்கிக்கொண்டே இருந்தான். அவனுக்கு நாலு கால் இருந்தாலும் அத்தனை செருப்பு தேயாது. வாங்குவது என்னிடம், பார்ப்பது எதிர்க்கடையை. இரண்டு சின்னஞ்சிறுசுகளுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா மாசே தலையசைக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

“ரொகுசுகே,” என்றாள் தோரா, குரலைத் தாழ்த்தி. “இங்க வர்றதுக்கு முன்னாடி நீ எங்க போயிட்டு வர்ற?”

“கமிசாவா, அக்கா.”

“மிசோ வீட்டுக்குப் போனியா?”

“போனேன்.”

“இத அங்கயும் குடுத்தியா?”

ரொகுசுகே பெட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சந்தோஷத்துல குடுத்துட்டேன் அக்கா. உங்க சம்பந்தியம்மா படத்துலயே வந்துட்டாங்கன்னு நானே கையால காட்டுனேன். எனக்கு மலைதான் கண்ணுல பட்டுச்சு. அவங்களுக்கு வேற பட்டிருக்கு.”

“என்ன சொன்னாங்க?”

“பட்டப்பகல்ல கடையத் திறந்து போட்டுட்டுத் தூங்குறவ வளத்த பொண்ணா, அப்படின்னாங்க. அறுவடைக்கு அப்புறம் யோசிக்கலாம்னாங்க.”

யோசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். மாசேயைப் பற்றி இந்தச் சாலை முழுக்கப் பேச்சு. மிசோ பீப்பாயில் ஒரு பூச்சி விழுந்தாலும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் விழ வேண்டும். அப்படிப்பட்டவள் கையில் போய் இந்தப் படம்.

கினு அழவில்லை. உள்ளே போய் மாவைப் பிசைந்தாள். அன்றைக்கு அவள் உருட்டிய உருண்டைகள் கல்லாக இருந்தன. எல்லோரும் மென்று விழுங்கினோம்.

சாயங்காலம் ரொகுசுகே கிளம்பும்போது தோரா அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“எடோவுக்குச் சொல்லி அனுப்பு. படத்துல என் கண்ணத் திறக்கச் சொல்லு.”

“அது மரக்கட்டைல செதுக்குனது அக்கா.”

“மரம்னா வெட்ட முடியாதா?”

முடியும் என்றுதான் ரொகுசுகேயும் சொன்னான். தப்பாகச் செதுக்கிய இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புது மரத்துண்டை ஆப்புமாதிரி இறுக்கி, அதன்மேல் திரும்பச் செதுக்குவார்களாம். கண் என்பது சின்ன இடம். கேட்டுப் பார்க்கிறேன் என்றான். நான் அவனைத் தனியாக அழைத்துப்போய், கண்ணோடு சேர்த்து அந்தக் குதிரையையும் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று விசாரித்தேன். குதிரை பெரிய இடம் என்று சொல்லிவிட்டான்.

கோடையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சென்கோஜி கோயிலுக்குப் போகிற யாத்திரைக் கூட்டம். மடியிலிருந்து படத்தை எடுத்துப் பிரித்து, மலையைச் சரிபார்த்து, குதிரைக் கல்லைச் சரிபார்த்து, நேரே தோராவிடம் வருவார்கள்.

“தூங்குற அம்மா எங்க?”

“எந்தத் தூங்குற அம்மா? இங்க யாரும் தூங்கல. உக்காந்து தின்னுட்டுப் போங்க.”

“படத்துல இருக்காங்களே. அவங்களப் பாக்கத்தான் ஏறி வந்தோம்.”

“நான்தான் அது.”

அவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், கரண்டியோடு நிற்கிற தோராவைப் பார்ப்பார்கள், முகம் வாடிவிடும். ஒருத்தர் “நீங்க இல்லீங்க, அவங்க சாந்தமா இருப்பாங்க” என்றே சொல்லிவிட்டார். பாதிப் பேர் ஒன்றும் தின்னாமல் இறங்கிப் போனார்கள்.

இறக்கத்தில் முதல் வளைவில் கோன்பெய் என்று ஒருவன் டீக்கடை வைத்திருக்கிறான். தந்திரக்காரன். தன் பெண்டாட்டியைப் பெஞ்சில் படுக்க வைத்து, வாயைத் திறந்துகொள்ளச் சொல்லி, ‘படத்தில் வந்த அசல் தூங்கும் பெண்மணி இவரே’ என்று துணியில் எழுதித் தொங்கவிட்டான். அவள் உண்மையிலேயே தூங்கினாள் என்று கேள்வி. கூட்டம் அங்கே போய் மொய்த்தது.

தோரா அடுப்பு முன்னால் நின்றாள், தட்டில் உருண்டை காய்ந்தது. கல்யாணம் நடந்தால் பெண்ணுக்கு உடுப்புப் பெட்டி செய்ய வேண்டும், பட்டு வாங்க வேண்டும். நடக்காவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும். கினுதான் மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, நீ தூங்க வேணாம். கண்ண மட்டும் மூடிக்கோயேன்.”

“என்னால கல்யாணம் நிக்குது. அந்தப் பொய்ய நானே நிஜமாக்கணுமா?”

“கல்யாணம் நின்னது நின்னுச்சு. நம்ம உருண்டையவாவது வித்துக்கலாம்.”

அதைக் கேட்டுத் தோராவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். தலையைச் சாய்த்து வாயைத் திறந்தாள்.

முதல் கூட்டம் வந்தது. படத்தைப் பிரித்தார்கள், “ஆகா” என்றார்கள். ஒருவன் மரியாதையாக ஒரு குச்சியை எடுத்தான்.

“அது வேகல. பக்கத்துல இருக்கறத எடு,” என்றாள் தூங்குகிறவள்.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. கண்ணை மூடியபடி விலை சொன்னாள். கண்ணை மூடியபடி என்னைத் திட்டினாள். வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னால் அதிலிருந்து பேச்சு வராமல் இருக்கும் வித்தை அவளுக்கு வரவில்லை. ஆனால் ஜனங்களுக்கு அதுவே பிடித்துப்போனது. படத்தில் இருக்கிறவன் மாதிரி ஒரு குச்சியைச் சத்தமில்லாமல் கிளப்ப முடியுமா என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள். கை தட்டுக்கு மேலே வரும்வரை தோரா அசைய மாட்டாள். அப்புறம் கப்பென்று மணிக்கட்டைப் பிடிப்பாள். பிடிபட்டவன், தன்னோடு வந்தவர்களுக்கெல்லாம் வாங்கித் தர வேண்டும். ஒருவன்கூடத் தப்பவில்லை. கோன்பெய் தன் பெண்டாட்டியை எழுப்பிவிட்டான்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பெட்டிக்கு மரம் வாங்கியாயிற்று. ஆனால் அதில் உடுப்பு அடுக்கிக்கொண்டு போகக் கினுவுக்கு ஒரு வீடு இல்லை. செய்கிச்சி மட்டும் இன்னும் வந்து செருப்பு வாங்கினான். “அம்மா மனசு மாறுமா?” என்று கேட்டால், “அம்மாவோட மிசோ மூணு வருஷம் ஊறும் மாமா, மனசு அதுக்கு மேல” என்பான் பாவம்.

அறுவடை முடிந்த சமயம். ஒரு மத்தியானம். கினு ஓடைக்குப் போயிருந்தாள். தோரா பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். யாத்திரைக்காரர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தில் ஒரு பெண் தனியாக வந்தாள். முகத்தை மறைக்கிற பெரிய கோரைத் தொப்பி, வெள்ளை யாத்திரை உடுப்பு, கையில் தடி. எனக்கு மனிதர்களை முகத்தைப் பார்த்து அறிகிற வழக்கம் இல்லை. காலைப் பார்த்தேன்.

காலில் என் செருப்பு. குதிகால் கயிற்றை நான்தான் இரட்டை முறுக்குப் போட்டு முடிவேன், இந்தச் சாலையில் வேறு எவனும் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு நான் விற்றதே இல்லை. அளவும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஆண்பிள்ளை அளவு. என் கடையிலிருந்து அத்தனை ஜோடி போன வீடு ஒன்றே ஒன்றுதான்.

மாசே வேவு பார்க்க வந்திருக்கிறாள். அங்கே தோரா வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறாள்.

நான் இருமினேன். தோரா அசையவில்லை. பலமாக இருமினேன்.

“இருமல் வந்தா ரொகுசுகே குடுத்த மருந்தக் குடியும். என் தட்டுப் பக்கம் இருமாதேயும்,” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

குதிரைச் செருப்பு ஒன்றைத் தூக்கி அவள்மேல் எறியலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் மாசே தட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். தூங்குகிறவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாணப் பேச்சு முறிந்துபோயிற்று. திரும்பிப் போயிருப்பாள். ஆனால் மிசோக்காரியின் மூக்கு சும்மா இருக்குமா? வாட்டிய விழுதின் வாசனை அவளைப் பிடித்து நிறுத்தியது. ஒரு குச்சியை எடுத்து மூக்குக்கு நேரே வைத்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். திரும்ப வைக்கத் தட்டுக்கு மேலே கையை நீட்டினாள்.

கப்பென்று பிடித்தாள் தோரா.

“மாட்டுனியா? வெள்ள உடுப்பு, கோயிலுக்குப் போற வேஷம், கைல திருட்டு. உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன். பெத்தவங்க சோறு போட்டு வளத்தாங்களா, இல்ல கூரைமேல எறிஞ்சாங்களா?”

யாத்திரைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பிடிபட்டவர்களிடம் அவள் எப்போதும் பேசுகிற பேச்சுதான். ஓடிப்போய் அவள் காதருகே சொன்னேன்.

“தோரா, கண்ணத் திற. இது கமிசாவா மாசே அம்மா.”

தோரா கண்ணைத் திறந்தாள். எனக்குத் தெரிந்து அவள் வாய் தானாக மூடியது அந்த ஒரு தடவைதான். கையை விட்டுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. இத்தனை வருஷமாக எதற்காக உட்காராமல் நின்றாளோ அதை அவளே ஒரு பிடியில் கெடுத்துக்கொண்டாள்.

மாசே தொப்பியைத் தூக்கினாள். காதுவரை சிவந்திருந்தது.

“நான் திருடல. வைக்கத்தான் போனேன்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க பாட்டிம்மா,” என்றான் யாத்திரைக்காரன் ஒருவன். குஷியில் மடியிலிருந்து படத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தான். “பாருங்க, அப்படியே படத்துல இருக்கற மாதிரியே. அவங்க தூங்குறாங்க, நீங்க திருடறீங்க.”

மாசே படத்தைப் பார்த்தாள். அவள் வீட்டில் அதே படம் கிடக்கிறது, இத்தனை மாதமாகப் பெஞ்சில் கிடக்கிற பெண்ணைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது தட்டுக்கு மேலே நீண்டிருக்கிற அந்தக் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோராவிடம் கேட்டாள்.

“இந்த ஆளு எடுக்குறானா, வைக்குறானா?”

“வைக்குறான்.” தோராவின் குரல் தேய்ந்திருந்தது. “நான் திட்டிக்கிட்டு இருக்கேன். கண்ணுல புகை.”

“தூங்கலையா?”

“புருஷன் போனதுலேர்ந்து பகல்ல தூங்குனதில்ல. ராத்திரியும் சரியாத் தூங்குனதில்ல. நீங்க நம்ப வேணாம். படம் போட்டவனுக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மாசே கையில் இருந்த குச்சியைப் பார்த்தாள். அது இன்னும் தட்டுக்குப் போய்ச் சேரவில்லை. “நானும் வைக்கத்தான் போனேன். இத்தன பேரு சிரிக்கிறாங்க. யாரு நம்புவா?”

“நான் நம்பறேன்,” என்றாள் தோரா. “நீங்க வைக்கப் போனீங்கன்னு நான் நம்பறேன். நான் முழிச்சிருந்தேன்னு நீங்க நம்புங்க.”

மாசே பெஞ்சில் உட்கார்ந்தாள். தோரா நின்றுகொண்டேயிருந்தாள். மாசே பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

“கண்ண மூடிக்கிட்டே என் கையப் பிடிச்சீங்களே. எங்க வீட்டுல கண்ணத் திறந்து வச்சிருக்கற வேலைக்காரன் ஒருத்தனுக்கும் அது வராது,” என்றாள் மாசே, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. பிறகு குச்சியை ஒரு கடி கடித்தாள். “எந்த ஊரு மிசோ இது?”

“சந்தைல வாங்குறது.”

“உப்பு. இந்தச் சனியனத்தான் எடுத்து மோந்து பாத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் எங்க பீப்பாயிலேர்ந்துதான் வரணும். என் சம்பந்தி கடைல இத வித்தா என் மானம் போயிரும்.”

ஓடையிலிருந்து தண்ணீர் வாளியோடு வந்த கினு, இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் பார்த்து வாளியைக் கீழே போட்டாள். தண்ணீர் முழுக்க என் கடைக்குள் வந்தது. நான் நனையாத செருப்புகளைத் தூக்கி மேலே மாட்டினேன்.

பேச்சு முடிந்து நாள் குறித்தபோது ரொகுசுகே எடோவின் பதிலோடு வந்தான். பதிப்புக்கடைக்காரர் சம்மதித்துவிட்டார். அடுத்து அச்சடிக்கும்போது துண்டு மரம் வைத்துக் கண்ணைத் திறந்துவிடலாம் என்றாராம். தோரா கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினாள்.

“கண்ணு மூடியே இருக்கட்டும். மரம் வைக்கறதா இருந்தா, அந்தக் குதிரையக் கொஞ்சம் வெட்டி இந்த மனுஷன் கடைய வெளிய எடுக்கச் சொல்லு. தெனம் பொலம்பறார், காது வலிக்குது.”

அவள் எனக்காகக் கேட்டாள். அவளைப் பார்க்க முடியாமல், செருப்பு கட்ட வந்திருந்த குமசோவைத் திட்டினேன். புதுப் படம் வந்தபோது கண் மூடியே இருந்தது. குதிரையும் அங்கேயே இருந்தது. பழுப்பு மை விலை ஏறிவிட்டதாம், குதிரையைக் கருப்பில் அடித்திருந்தார்கள். முன்பாவது என் விரல் இரண்டு தெரிந்தது. இப்போது அதுவும் இருட்டில் போயிற்று.

கல்யாணப் பெண்ணைக் குமசோவின் குதிரைமேல்தான் ஏற்றினோம். புதுச் செருப்பு நான் கட்டினேன், சிவப்புத் துணி சேர்த்து முறுக்கி. குதிரை இறக்கத்தில் இறங்கும்போது நாங்கள் எல்லோரும் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தோரா அழவில்லை. வளைவு திரும்பும்வரை, “மெதுவாப் பிடிடா குமசோ, கல்லப் பாத்துப் போடா” என்று கத்திக்கொண்டே இருந்தாள். வளைவு திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் கத்தினாள்.

அடுத்த நாள் மாவு இடிக்கிற சத்தம் தாமதமாகக் கேட்டது. மத்தியானம் வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஒரு கூட்டம் வந்து படத்தைப் பிரித்தது. அதில் ஒருவன் பயந்து பயந்து கையை நீட்டினான். குச்சியை எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடித்தான், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. “ஜெயிச்சுட்டேன்” என்று குதித்தான்.

நான் முடைந்துகொண்டிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்து போனேன். தோரா லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்து, வாய் திறந்து, படத்தில் இருக்கிற அதே மாதிரி. என் கண் கலங்கியது. புகை ஒன்றும் இல்லை, அடுப்பு அணைந்துபோயிருந்தது. அவளை மறைத்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் நின்றேன்.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றான் ஜெயித்தவன், படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து. “நீங்க இதுல இல்ல.”

“மெதுவாப் பேசுய்யா,” என்றேன். “அவ இன்னைக்குத்தான் தூங்குறா.”